அது ரோமாபுரி காசு இல்லீங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு மாத்தளையில இருந்து வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல உள்பக்கத்து மூலையில ஒரு சின்ன செய்தி வந்திருந்திச்சு. புதையல் தோண்டப் போன நாலு பேர பொலிஸ் புடிச்சதாவும், அவங்ககிட்ட ரோமப் பேரரசர் காலத்து தங்க நாணயம் ஒன்னு இருந்ததாவும், பெறுமதி கோடிக்கணக்குல இருக்கும்னு நம்பப்படுறதாவும் போட்டு பக்கத்துல காசோட போட்டோவும் போட்டிருந்தீங்க. நான் வாட்ச் ரிப்பேர் பாக்குறவன், கண்ணுல மாட்டுற லென்ஸ் எப்பவும் மேசையிலயே கிடக்கும், அத மாட்டிக்கிட்டு போட்டோவ பாத்தேன். அச்சு புள்ளி புள்ளியாத்தான் தெரிஞ்சிச்சு, ஆனாலும் அந்த ஆளோட தலையில வளைவு வச்ச கிரீடம், உச்சியில சிலுவை, இது ரெண்டும் நல்லாவே தெரியுது. ரோமாபுரி ராஜா எவனும் இங்கிலாந்துக்காரன் கிரீடத்த மாட்டிக்கிட்டு காசுல நிக்கல.

என் கணக்குப்படி அது 1943ம் வருசத்து சிலோன் அம்பது சதம். யுத்த காலத்துல வெள்ளிய விட்டுட்டு மஞ்ச நிறத்துல நிக்கல் பித்தளையில அடிச்சாங்க, தேச்சு வச்சா தங்கம் மாதிரியே மின்னும், எத்தன பேர் அடகுக் கடை வரைக்கும் போய் திரும்பி வந்திருக்காங்க தெரியுங்களா. தலையச் சுத்தி இங்கிலீசுல ஆறாம் ஜோர்ஜ், ராஜா, இந்தியாவோட பேரரசர்னு எழுதியிருக்கும், அந்த ஆறையும் ரோமன் எண்ணுலதான் போட்டிருப்பாங்க. யாரோ ரோமன் எண்ணையும் பேரரசரையும் ஒன்னா சேத்துப் படிச்சிட்டாங்க போல, ரோமப் பேரரசர் பொறந்துட்டாரு. சிரிப்பு வந்திச்சு, அப்புறம் அந்த நாலு பேர நெனச்சதும் சிரிப்பு போயிடிச்சு.

நான் படிச்சவன் இல்ல. ஓலெவல் வரைக்கும்தான், அதுலயும் ரெண்டு பாடம் போச்சு. றத்தோட்ட பக்கம் ஒரு தோட்டத்து லயத்துல பொறந்து, பெரியப்பாகிட்ட வாட்ச் வேல பழகி, மாத்தளை டவுன்ல சின்னதா ஒரு பெட்டிக்கட போட்டு முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. லென்ஸ் வச்சிருக்கவன் எல்லாம் தெரிஞ்சவன்னு சனங்க நெனச்சிக்கிறாங்க, அதனால பழைய காசு கிடைச்சா எங்கிட்டத்தான் கொண்டாருவாங்க. அப்படி பாத்துப் பாத்துதான் எனக்கு இந்தப் பைத்தியம் புடிச்சிச்சு. வர்றதுல முக்காவாசி விக்டோரியா ராணியும் ஜோர்ஜ் ராஜாக்களும்தான். அடுத்து ஒல்லாந்தர் காலத்து செம்புக் காசு, அவங்க வியாபாரக் கம்பெனியோட வி ஓ சி எழுத்து மூணும் ஒன்னு மேல ஒன்னு பின்னிக் கிடக்கும், அதுக்குப் பேரு டொயிட், நாம துட்டு துட்டுன்னு சொல்றமே அது அங்கருந்துதான் வந்திச்சு. எப்பயாவது பொலன்னறுவ காலத்து செம்பு மாசக்காசு வரும், ஒரு ஆள் நிப்பான், மறுபக்கம் உக்காந்திருப்பான். யாழ்ப்பாண ராஜாக்கள் அடிச்ச, நந்தி படுத்திருந்து கீழ சேதுன்னு தமிழ்ல எழுதின காசு ஒரே ஒரு தடவ பாத்தேன், அன்னிக்கு எனக்கு வேலையே ஓடல.

ரோமாபுரி காசுன்னு வந்தது ரெண்டே ரெண்டு தடவ. ரெண்டு தடவையும் தங்கம் இல்ல, வெள்ளி இல்ல. வாட்ச்சுக்குப் போடுறமே பட்டன் பட்டரி, அந்த சைஸ்ல கறுத்துப்போன செம்புத் துண்டு. எடை ஒரு கிராம், ஒன்றரை கிராம். தெருவுல கிடந்தா சட்டப் பட்டன்னு நெனச்சு தாண்டிப் போயிடுவீங்க.

இதத்தான் உங்க பேப்பர் வாசகருக்கு முதல்ல சொல்லணும்னு நெனச்சேன். இலங்கை மண்ணுல ரோமாபுரி காசு கெடைக்கிறது நெசம், பொய் இல்ல, ஆயிரக்கணக்குல கெடைச்சிருக்கு. மன்னார் பக்கத்து மாந்தையில, அனுராதபுரத்துல, தெக்க திஸ்ஸமகாராம பக்கம்னு பல இடத்துல. எங்க மாத்தளை மாவட்டத்துலயே சீகிரியாவுல, பெல்லுன்னு ஒரு வெள்ளக்காரர், தொல்பொருள் திணைக்களத்துக்கு முதல் தலைவரா இருந்தவர், அவர் 1890கள்ல தோண்டினப்ப ஆயிரத்துக்கு மேல எடுத்திருக்காரு. ஆனா அத்தனையும் ஏறக்குறைய கி.பி. 4ம், 5ம் நூற்றாண்டு செம்புச் சில்லறை. தங்கக் காசும் வெள்ளிக் காசும் இந்த நாட்டுல கெடைச்சது ரொம்ப அபூர்வம். தமிழ்நாட்டுப் பக்கம் கதை வேற, அங்க கோயம்புத்தூர் பக்கமெல்லாம் அகஸ்தஸ், திபேரியஸ் தலை போட்ட வெள்ளித் தெனாரியஸ் குடம் குடமா வந்திருக்கு, 1898ல புதுக்கோட்டையில தங்கமே 501 காசு ஒரே இடத்துல கெடைச்சிச்சு. அந்தக் கதைய எங்கயோ கேட்டுட்டு இங்க வந்து மண்வெட்டியத் தூக்குறானுங்க நம்ம பயலுக.

சரி, அந்தச் சின்னக் காச எப்படிங்க அடையாளம் காணுறது. பூவா தலையான்னு சுண்டுறமே, அந்த மாதிரி தலைப் பக்கம் பூப் பக்கம்னே சொல்றேன், எனக்கு அதுதான் வசதி.

தலைப் பக்கத்துல முகத்தப் பாத்து ஆள கண்டுபுடிக்கலாம்னு நெனக்காதீங்க. முதல் ரெண்டு நூற்றாண்டுல வேணா அது நடக்கும், நீரோன்னா கழுத்து தடிச்ச நீரோதான், ஹாட்ரியன்னா தாடி வச்ச ஹாட்ரியன்தான். ஆனா 4ம் நூற்றாண்டுக்கு வந்துட்டா எல்லாருக்கும் ஒரே முகம், பெரிய கண்ணு, நேர் மூக்கு, அச்சு வெட்டினவனுக்கு ஆள் யாருன்னு கவலையே இல்ல. அதனால நான் முதல்ல தலையில என்ன கட்டியிருக்குன்னு பாப்பேன். இலை மாலைன்னா பெரும்பாலும் பழசு. சூரியக் கதிர் மாதிரி முள்ளு முள்ளா நின்னா 3ம் நூற்றாண்டு, வெள்ளின்னு பேரு வச்சிக்கிட்டு வெள்ளியே இல்லாம அடிச்ச காலம் அது, காலியேனஸ் ஆட்சிக் கடைசியில நூத்துக்கு அஞ்சு பங்கு வெள்ளி கூட கிடையாது, மேல பூச்சு மட்டுந்தான். முத்து கோத்த பட்டி பின்னால முடிச்சுப் போட்டு தொங்கினா கான்ஸ்டன்டைனுக்குப் பொறகு. நமக்கு இங்க கெடைக்கிறது அனேகமா இந்த முத்துப்பட்டி ஆளுங்கதான்.

அடுத்தது எழுத்து. முழுசா எங்க இருக்கப் போவுது, தேஞ்சு போயிருக்கும். ஆனா ஆரம்பம் மட்டும் தெரிஞ்சாலும் போதும். ஐ எம் பின்னு தொடங்கினா முந்தினது, டி என்னு தொடங்கினா பிந்தினது, டி என்னா எங்கள் ஆண்டவர்னு அர்த்தம், தோட்டத்துல "தொர தொர"ன்னு சொல்லுவோமே அது மாதிரி வச்சிக்கங்க. முடியிறப்ப ஏ வி ஜின்னு வரும், அது அகஸ்தஸ், இங்க ஆள் பேரு இல்ல, பேரரசர்ங்கிற பட்டம், அவங்க யு எழுத்துக்கும் வி தான் போடுவாங்க. நடுவுல "ஏ ஆர் சி ஏ டி"ன்னு அஞ்சு எழுத்து தப்பிப் பொழச்சிருந்தா ஆர்கேடியஸ், 395ல இருந்து 408 வரைக்கும் கிழக்க ஆண்டவன். "ஹொனோ"ன்னா அவன் தம்பி ஹொனோரியஸ், மேற்க ஆண்டவன். அப்பன் முதலாம் தியோடோசியஸ், 379ல இருந்து 395. இந்தக் குடும்பந்தான் நம்ம நாட்டு மண்ணுக்குள்ள அதிகமா படுத்திருக்கு.

தலைப் பக்கம் மொட்டையாப் போனாலும் பூப் பக்கம் காப்பாத்தும். ஒரு ஆள் குதிரையில இருந்து விழுறவன ஈட்டியால குத்துற படம் இருந்தா அது ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ, நல்ல காலம் திரும்பிடிச்சின்னு அர்த்தம், 348ல இருந்து அடிச்சது, பெரும்பாலும் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ். ரெண்டு சிப்பாய் எதிரும் புதிருமா நிக்க நடுவுல கொடிக்கம்பம் இருந்தா அதுக்கும் முந்தினது, கம்பம் ரெண்டுன்னா 330க்கு அப்புறம், ஒன்னுன்னா 336க்கு அப்புறம். கம்பத்த எண்ணியே வருசம் சொல்லலாம், எனக்கு ரொம்பப் புடிச்ச விசயம் இது. றெக்க வச்ச பொம்பள தோள்ல கம்பத்த சாச்சிக்கிட்டு ஒரு கைதிய இழுத்துட்டுப் போனா சாலுஸ் ரெய் புப்ளிகே, நாட்டோட நலம்னு அர்த்தம், 380கள்ல தொடங்கி 400 வரைக்கும் வரும். மூணு பேர் வரிசையா நின்னா 406 – 408, ஆர்கேடியஸ், ஹொனோரியஸ், கூட நிக்கிற பொடியன் இரண்டாம் தியோடோசியஸ்.

அந்த றெக்க வச்ச பொம்பள வெற்றித் தேவதை, லத்தீன்ல விக்டோரியா. சில காசுல அந்தப் பேரையே எழுதியும் இருக்கும், விக்டோரியா ஏ வி ஜி ஜி ஜின்னு. இத ஒரு ட்யூஷன் மாஸ்டர் படிச்சிட்டு எங்கிட்ட வந்து, "அண்ணே, இது விக்டோரியா மகாராணி காசு, நீங்க ஏமாந்துட்டீங்க"ன்னாரு. நான் ஒன்னும் சொல்லல, மூணு ஜி எதுக்குன்னு மட்டும் கேட்டேன். முழிச்சாரு. ஒரே நேரத்துல மூணு பேரரசர் இருந்தா ஜிய மூணு தடவ போடுவாங்க, ரெண்டு பேர்னா ரெண்டு ஜி. நம்ம அமைச்சர்மார் தொகைக்கு இந்த முறைய வச்சா காசு பத்தாது.

கடைசியா பூப் பக்கத்துல அடியில ஒரு கோடு, அதுக்குக் கீழ பொடி எழுத்து. அதுதான் எந்த டங்கசாலையில அடிச்சதுன்னு சொல்ற இடம். ஏ என் டின்னா அந்தியோக்கியா, ஏ எல் இன்னா எகிப்து அலெக்சாந்திரியா, சி ஓ என் எஸ்னா கான்ஸ்டான்டிநோபிள். பக்கத்துல ஒத்த கிரேக்க எழுத்து வந்தா அந்தச் சாலைக்குள்ள எத்தனாவது பட்டறைங்கிறது. தோட்டத்து தேயிலைப் பெட்டியில பேரும் இலக்கமும் குத்தி அனுப்புவாங்களே, அதே கணக்கு.

இந்த அடி எழுத்தப் பத்தி எழுதுறப்பதான் எனக்கு நெஞ்சு அடைக்கும். 1994ன்னு ஞாபகம், தம்புள்ள தாண்டி கலேவல பக்கத்துல இருந்து ஒரு சிங்களப் பெரியவர் வந்தாரு, வெங்காயப் பாத்தி கொத்துறப்ப கெடைச்சதுன்னு சிகரெட் பெட்டித் தாள்ல மடிச்சு மூணு காசு. பச்ச நிறமும் மண்ணுமா கெட்டியா ஒட்டிக் கிடந்திச்சு. "மல்லி, இது என்னான்னு பாரு"ன்னாரு. எனக்கு அப்ப என்ன தெரியும், வாட்ச் கேஸ தொடைக்கிற மாதிரிதான் தெரியும். தேசிக்கா புளிஞ்சு ஊற வச்சேன், பல்லுத் தேக்கிற பிரசால தேச்சேன், அதுக்கும் மசியலன்னு பிராசோ போட்டு துணியால தேச்சேன். அர மணி நேரத்துல மூணும் புது ஒரு சதம் மாதிரி செக்கச் செவேல்னு ஆயிடிச்சு. பெரியவர் "லஸ்ஸனாய்", அழகா இருக்குன்னு சந்தோசமா வாங்கிட்டுப் போனாரு, தேச்சதுக்கு இருவது ரூவாயும் குடுத்தாரு. தேக்கிறதுக்கு முன்னால ஒன்னுல அந்தப் பச்சைக்கு அடியில றெக்கையும் கோடும் கோட்டுக்குக் கீழ ரெண்டு எழுத்தும் நெழலா தெரிஞ்சிச்சு, தேச்சதுக்கு அப்புறம் ஒன்னுமே இல்ல, வழுவழுன்னு செம்புத் தகடு. 1600 வருசம் மண்ணு பத்திரமா வச்சிருந்தத நான் அர மணி நேரத்துல அழிச்சேன். அந்த இருவது ரூவாய்க்கு அன்னிக்கே டீ குடிச்சு வடை தின்னதும் ஞாபகம் இருக்கு.

அந்தப் பச்சத் தோல்தான் காசோட உசுரு, அது செம்பு மேல தானா வளந்த பூச்சு, எழுத்தெல்லாம் அதுலதான் நிக்கும், அத உரிச்சா முகமும் கூடவே வந்துடும். சாம்பல், புளி, தேசிக்கா, பிராசோ, கோலா எதுவும் வேணாம். வெளிறின பச்சையில மாவு மாதிரி உதிர்ந்தா மட்டும் அது நோய், உப்பு உள்ள பூந்து செம்பத் தின்னுது, அப்பிடி இருந்தா ஈரம் படாம வச்சு தெரிஞ்சவங்ககிட்ட காட்டணும். நம்ம ஊரு மழைக்கும் பனிக்கும் அது வேகமா பரவும்.

எனக்கு இந்த எழுத்தெல்லாம் பொறகு எப்படித் தெரிஞ்சிச்சுன்னா, லண்டன்ல இருக்க என் மச்சான் மகன் ஒருக்கா லீவுக்கு வந்தப்ப அங்க கடையில வாங்கினதுன்னு பத்துக் காசு கொண்டாந்து குடுத்தான். ஒன்னு அஞ்சு பவுண், பத்து பவுண்தானாம். பவுண்னதும் என் பொண்டாட்டி வாயப் பொளந்துட்டா, எட்டு கிராம் பவுன்னு நெனச்சிட்டா. தேஞ்சுபோன ரோமாபுரி செம்புக் காசு லண்டன்ல ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுக்கு கெடைக்குது ஐயா, அவ்வளவு அள்ளி அடிச்சிருக்காங்க. இங்க நீங்க கோடின்னு எழுதுறீங்க. அந்தப் பத்துல ஒன்னுல ஓநாய்கிட்ட ரெண்டு புள்ளைங்க பால் குடிக்கிற படம், 330க்குப் பொறகு கான்ஸ்டன்டைன் அடிச்சது, ரோமாபுரி நகரம்னே எழுதியிருக்கும். பக்கத்துக் கட பொடியன் பாத்துட்டு "மாமா நாயி குட்டி போட்டிருக்கு"ன்னான். அந்தப் பத்தையும் வச்சிக்கிட்டு மூணு வருசம் ராவுல ராவுல பாத்துத்தான் படிச்சேன், கண்ணாடி பவர் ஏறினதுதான் மிச்சம்.

கள்ளக் காசப் பத்தியும் ஒரு வார்த்த. சுத்துலாப் பயணிக்கு விக்கிறதுக்குன்னே பழைய காசு மாதிரி வார்த்து பச்ச கலர் ஏத்தி வச்சிருக்கானுங்க, எங்கிட்டயும் ஒருத்தன் அஞ்சு கொண்டாந்தான். அசல் சுத்தியலால அடிச்சது, ஒவ்வொன்னும் ஒவ்வொரு பக்கம் சாஞ்சிருக்கும், ஒன்னு மாதிரி ஒன்னு இருக்காது. அவன் கொண்டாந்த அஞ்சுலயும் ஒரே இடத்துல ஒரே கீறல். வெளிம்ப லென்ஸ்ல பாத்தா சுத்திவர மெல்லிசா ஒட்டுக் கோடு, மேல குண்டூசி முனை மாதிரி காத்துக் குமிழ். அவன்கிட்ட சொன்னேன், கோவிச்சிக்கிட்டு போயிட்டான்.

ஆனா கள்ளக் காசுன்னு தள்ள முடியாத நகல் ஒன்னும் இருக்கு, இதுதான் எனக்கு எல்லாத்தையும் விட ஆச்சரியம். அந்த ரோமாபுரி சில்லறைய பாத்து நம்ம நாட்டுலயே அதே மாதிரி அடிச்சிருக்காங்க, தெக்க மாத்தறை பக்கம் நைமனங்கிற ஊருல நெறைய கெடைச்சதால அந்த ஊர்ப் பேர வச்சே சொல்றாங்க. கொஞ்சம் தடிமன், முகம் சின்னப் புள்ள போட்ட கோலம் மாதிரி, எழுத்து இருக்க வேண்டிய இடத்துல கோடும் புள்ளியுந்தான், அடிச்சவனுக்கு லத்தீன் தெரியாது, தெரியணும்னு அவசியமும் இல்ல. கடையில குடுத்தா வாங்குறான்ல, அது போதும்.

இதப் படிச்சப்ப எனக்கு எங்க வீட்டுத் தகரப்பெட்டிதான் ஞாபகம் வந்திச்சு. அதுல எங்க பூட்டன் காலத்து செம்புத் துண்டு ஒன்னு இருக்கு, ரவுண்டா, எழுத்து பாதி போனது. கோப்பிக் காலத்து டோக்கன். சில்லறைக்கு தட்டுப்பாடுன்னு சில தோட்டங்களும் கொழும்புக் கோப்பி ஸ்டோர்களும் சொந்தமா அடிச்சு ஆளுங்களுக்கு குடுத்தது. அதுல ராஜா தலையும் இல்ல ராணி தலையும் இல்ல. ஆனா அத வாங்கத்தான் எங்க பூட்டன் இந்தியாவுல இருந்து வந்து மன்னார்ல எறங்கி, காட்டு வழியா மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ள, நாலந்தன்னு நடந்தே மாத்தளைக்கு வந்தாரு, கூட வந்தவங்கள்ல காலரா கண்டு வழியிலயே போனவங்க எத்தன பேருன்னு அப்பாயி சொல்லிச் சொல்லி அழும். மாந்தைத் துறைமுகமும் அதே மன்னார்ப் பக்கந்தான். ரோமாபுரிக் காசு சீகிரியாவுக்கு எந்தப் பாதையில வந்திச்சோ, அதுல பாதியாவது எங்க ஆளுங்க நடந்த பாதையாத்தான் இருக்கும்னு எனக்கு ஒரு நெனப்பு. சில்லறை இல்லாத ஊருல சனங்க தானே சில்லறை செஞ்சுக்கிறதும், அந்தச் சில்லறைக்கு ஒரு பொட்டுக் காட்டுல செத்துப் போறதும் ரெண்டு காலத்துலயும் நடந்திருக்கும்.

தங்கம் வெள்ளியே இந்த நாட்டு ராஜா கண்ணுல படலையான்னு கேப்பீங்க. பட்டிருக்கு. பிளினின்னு ரோமாபுரிக்காரர் 77ல முடிச்ச பெரிய புத்தகத்துல ஒரு கதை இருக்கு. அனியஸ் பிளோகாமஸ்ங்கிறவரோட ஆள் ஒருத்தன், அரேபியா பக்கம் போன கப்பல் காத்துல அடிச்சிட்டுப் போய் பதினஞ்சாம் நாள் இலங்கையில கரை தட்டினான். ராஜா ஆறு மாசம் வச்சு சோறு போட்டு ரோமாபுரி பத்தி விசாரிச்சாராம். அவன்கிட்ட இருந்த வெள்ளிக் காசுகள பாத்தா ஒவ்வொன்னுலயும் வேற வேற தலை, ஆனா எடை மட்டும் எல்லாம் ஒன்னு. ராஜா மாறினாலும் எடை மாறலயே, இவனுங்க நேர்மைக்காரனுங்கன்னு சொல்லி ரோமாபுரி பேரரசர் கிளாடியஸ் கிட்ட நாலு தூதர அனுப்பினாரு. தூதுக்குத் தலைவன் பேரு ராச்சியாஸ்னு பிளினி எழுதுறாரு, எனக்கு என்னமோ எங்க லயத்து ராசையா அண்ணன் ஞாபகந்தான் வருது. எந்த ராஜாவும் செய்யாத வேல இது ஐயா, முகத்தப் பாக்கல, பொன்னா வெள்ளியான்னு பாக்கல, தராசுல போட்டுப் பாத்திருக்காரு. நான் அவர் கடைக்கு வேலைக்கே போயிருப்பேன். கொஞ்ச வருசத்துல, 64ல, நீரோ வந்து அந்த எடையக் கொறச்சிட்டான், அது வேற.

இப்ப நம்ம விசயத்துக்கு வர்றேன். எங்க பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருத்தன், வட்ஸ்அப்புல பழைய காசுக்கு இருவத்தஞ்சு லட்சம்னு வந்ததப் பாத்துட்டு, வீட்டுல இருந்த ஜோர்ஜ் காச போட்டோ எடுத்து அனுப்பி, பதிவுக் கட்டணம்னு அவன் கேட்ட காச கட்டி, அப்புறம் வரின்னு கேட்டதையும் கட்டினான். அம்மாவோட தோடு அடகுல போச்சு. அந்த நம்பர் இப்ப வேல செய்யல. இவன் மாதிரி பயலுகதான் உங்க பேப்பர்ல கோடின்னு படிச்சிட்டு ராவுல கடப்பாரையோட காட்டுக்குப் போறது. அங்க தோண்டிக் கெடைச்சாலும் அது அவனுக்குச் சொந்தம் இல்ல. 1940ம் ஆண்டு 9ம் இலக்க தொல்பொருள் கட்டளைச் சட்டம்னு ஒன்னு இருக்கு, 1815 மார்ச் 2க்கு, அதாவது கண்டி ஒப்பந்தத்துக்கு முந்தின பொருள் மண்ணுக்குள்ள இருந்தா அது அரசாங்கத்துது, அனுமதி இல்லாம தோண்டுறதே குத்தம், தற்செயலா கொத்துறப்ப கெடைச்சாலும் அறிவிக்கணும். ஜி.எஸ்.ங்கிற கிராம சேவகர் கிட்டயோ பொலிஸ்லயோ தொல்பொருள் திணைக்கள ஆபீஸ்லயோ சொன்னா போதும். எந்தப் பாத்தியில, எத்தன அடி ஆழத்துல, கூட ஓட்டாஞ்சில்லு மணி ஏதாவது இருந்திச்சான்னு கேப்பாங்க. அந்தப் பதில்தான் லண்டன்ல அஞ்சு பவுணுக்கு வாங்குற காசுல இல்லாதது. என் பத்துக் காசும் எந்த ஊரு மண்ணுல கிடந்திச்சுன்னு யாருக்கும் தெரியாது, கலேவல பெரியவர் கொண்டாந்த மூணுக்கும் வெங்காயப் பாத்தியே தெரிஞ்சிருந்திச்சு, நானும் கேக்கல, அவரும் யார்கிட்டயும் சொல்லல.

அதனால உங்ககிட்ட கேக்குறது இவ்வளவுதான். காசுப் போட்டோ போட்டா ரெண்டு பக்கமும் போடுங்க, பக்கத்துல ஒரு ரூவா குத்திய வச்சு எடுங்க, அப்பத்தான் சைஸ் தெரியும். எடை கேட்டு எழுதுங்க, பொலிஸ்ல தராசு இல்லாட்டி பக்கத்து நகைக் கடையில இருக்கும். திணைக்களத்து ஆள் பாக்குற வரைக்கும் ரோமாபுரின்னும் கோடின்னும் எழுதாதீங்க. கொழும்பு நூதனசாலையிலயும் மத்திய வங்கி வச்சிருக்க நாணய நூதனசாலையிலயும் பழைய காசு கண்ணாடிக்குள்ள இருக்கு, உங்க நிருபர் ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வந்தா ஞாயிறு இதழுக்கு ஒரு பக்கம் நல்லாவே தேறும், வேணும்னா நானும் கூட வர்றேன், பஸ் காசு நானே போட்டுக்கிறேன்.

அப்புறம் அந்த நாலு பேர். தோண்டினது குத்தம்னா அதுக்கு உள்ள தண்டனைய அனுபவிக்கட்டும், அதுல எனக்கு பேச்சில்ல. ஆனா அந்தக் காசு நான் சொல்ற அம்பது சதமா இருந்தா அது 1943, 1815க்கு எவ்வளவோ பிந்தினது, அத கையில வச்சிருந்ததுக்கு யாரையும் உள்ள வைக்க முடியாது, என் கடை லாச்சியிலயே மூணு கிடக்கு. கோர்ட்டுல என்னாச்சுன்னு விசாரிச்சு போடுங்க.

இப்படிக்கு,
வாட்ச் கடைக்காரன்,
மாத்தளை.

பி.கு. இத என் மகள்தான் போன்ல டைப் பண்ணிச்சு, எழுத்துப் பிழை இருந்தா அது கணக்குல போட்டுக்கங்க. காசுப் பேருங்க மட்டும் நானே ரெண்டு தடவ சரி பாத்தேன், அத வெட்டாதீங்க.